சபையும் கல்லூரியும் போக, தூரிகைக்கு நேரம் உண்டா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இரண்டு பிள்ளைகள், கணவரும் வேலைக்குச் செல்கிறார். சபையில் பாடகர் குழு, ஞாயிறு பள்ளி இரண்டிலும் பொறுப்பு உண்டு. ஓவியம் வரைவதில் விருப்பம் அதிகம். ஆனால் வரைய உட்கார்ந்தாலே, ஜெபத்துக்கும் பிள்ளைகளுக்கும் உரிய நேரத்தை எடுத்துக்கொள்கிறேனோ என்று மனம் உறுத்துகிறது. எதை விடுவது?

பதில்: சகோதரி, நீங்கள் முதலில் விட வேண்டியது ஓவியத்தை அல்ல, மாலையில் வீட்டுக்குச் சுமந்து செல்லும் கேர் பிளான் கட்டைத்தான், அதாவது நோயாளியைக் கவனிக்க மாணவிகள் எழுதும் பராமரிப்புத் திட்டங்களைத்தான். 2021-22 கல்வியாண்டு முதல் பி.எஸ்சி. நர்சிங் செமஸ்டர் முறைக்கு மாறியதால், முன்பு ஆண்டுக்கு ஒருமுறை வந்த தேர்வு நெருக்கடி இப்போது இருமுறை வருகிறது. அந்தச் சுமை எங்கே இறங்குகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஆசிரியையின் சாப்பாட்டு மேசையில்தான். பத்து மாணவிகளின் கேர் பிளானை, ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்று திருத்தினாலும் இரண்டரை மணி நேரம் போய்விடும். அதை வார்டிலேயே, நோயாளியின் படுக்கையருகே, இன்று ஐந்து பேருக்கும் நாளை ஐந்து பேருக்குமாகப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். செவிலியர் நோயறிதலை (நோயாளிக்கு எந்தக் கவனிப்பு தேவை என்ற செவிலியரின் கணிப்பை) தவறாக எழுதிய மாணவிக்கு, அந்த நோயாளியைக் காட்டியே திருத்திச் சொல்வது, மூன்று நாள் கழித்துச் சிவப்பு மையில் எழுதுவதைவிட நன்றாகப் பதியும். உங்கள் மாலைப்பொழுதும் மீளும்.

அடுத்து, கல்லூரியின் செமஸ்டர் அட்டவணையையும் சபையின் ஆண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி, வீடுவீடாகப் பாடிச் செல்லும் டிசம்பர் கீதபவனி ஆகியவை வரும் காலம் முன்கூட்டியே தெரிந்ததுதான். அவற்றோடு ப்ராக்டிகல் தேர்வோ ஆய்வுக்குழு வருகையோ மோதும் மாதங்களில் நாள்தோறும் எல்லாவற்றையும் சமமாகச் செய்ய முயல்வது வீண். பாடகர் குழு, ஞாயிறு பள்ளி இரண்டில் ஒன்றை அந்தச் செமஸ்டருக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள். இதைப் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுப்பதற்கு முன்பே ஆயரிடம் சொல்வது நல்லது. நடுவில் விலகுவதுதான் மனக்கசப்பை உண்டாக்கும். காலை முதல் மாலை வரை தனியாக ஜனங்களுக்கு நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயிடம், இப்படிச் செய்தால் நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று மாமனார் எத்திரோ எச்சரித்த யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தைச் சபையில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஓவியத்துக்கு வருவோம். நீங்கள் வரைவீர்கள் என்று தெரிந்ததும், ஞாயிறு பள்ளிக்குப் படம், கிறிஸ்துமஸ் மேடைக்குத் திரை, கல்லூரிக்கு சார்ட் என்று கேட்பார்கள். அவை நல்ல பணிகளே. ஆனால் அவை ஊழியமும் வேலையும் சேர்ந்தவை, உங்கள் ஓய்வு அல்ல. வாரத்தில் ஒரு மாலை, யாருக்கும் கொடுக்க வேண்டாத ஒரு படத்துக்கு என்று ஒதுக்குங்கள். வேலூரில் 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் முதிய வயதிலும் டென்னிஸ் ஆடியவர். அதனால் அவருடைய ஊழியம் குறைந்ததாக எவரும் சொன்னதில்லை. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்பதை மற்றவர்களுக்குப் போதிக்கும் நாம், நமக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொள்கிறோம்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு மாலையில் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் இரவுச் சமையலும் கணவரின் பொறுப்பு என்று இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள். குடும்ப ஜெபம் வழக்கமான நேரத்தில் நடக்கட்டும். பத்து நிமிடமே ஆனாலும் எல்லோரும் சேர்ந்திருந்தால் போதும்.

இவ்வளவு செய்தும் பல வாரங்களாகத் தூக்கம் கெட்டு, மாணவிகள்மீது எரிச்சல் மிகுந்து, வரைவதிலும் பாடுவதிலும்கூட மனம் ஒட்டாமல் போனால், அதை விசுவாசக் குறைவு என்று எண்ணிக் கூடுதல் உபவாசத்தால் சரிசெய்ய முயலாதீர்கள். ஒரு நோயாளி இதையே சொன்னால் நீங்கள் யாரிடம் அனுப்புவீர்களோ, அந்த மருத்துவரிடம் நீங்களும் செல்லுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸ் எண் 14416இல் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.