நகையை வைக்க வேண்டாம், பணகுடிக்குப் பஸ் ஏறட்டும்

வள்ளியூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் இன்ஜினீயரிங்கில் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) மூன்றாம் வருஷம். கோடை லீவுக்குள் இன்டர்ன்ஷிப் முடித்தாக வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். சென்னையில் இருக்கும் சித்தப்பா ஓரிடத்தைக் கைகாட்டியிருக்கிறார்: ஆறு வாரம் ஏ.ஐ. பயிற்சி, கட்டணம் 18,000 ரூபாய், விடுதியும் சாப்பாடும் தனி. "நகையை வைத்தாவது அனுப்பிரலாமா? ஆனா அவளுக்கு மோட்டார், வயரிங்னாதான் உசிரு."

உங்கள் பதற்றம் புரிகிறது அம்மா. ஆனால் நகையை வைக்காதீர்கள். வேலை பார்க்க வருகிற பிள்ளையிடம் காசு கேட்கும் இடத்தில் பெரும்பாலும் அவளுக்குக் கொடுக்க வேலை இருக்காது. பதிவு செய்த வீடியோ, நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு, எல்லோருக்கும் ஒரே புராஜெக்ட், கடைசி நாள் சான்றிதழ். நேர்காணலில் "இதில் நீ செய்தது என்ன?" என்று கேட்டால் அந்த நூறு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். சித்தப்பா நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் வட்டி கட்டப்போவது நீங்கள். மகளுக்கு கோடிங்கில்தான் ஆசை என்றால் வேறு வழி பேசலாம். அவளே மோட்டார் என்று சொல்லும்போது அவளை ஏன் இழுத்துக்கொண்டு போக வேண்டும்?

வள்ளியூரில் மொட்டைமாடியில் ஏறினாலே காத்தாடி, அதாவது மின்சாரம் எடுக்கும் காற்றாலை, தெரியும். பணகுடி, ராதாபுரம், அந்தப் பக்கம் கயத்தாறு வரை நிற்கிறது. பெரிய கம்பெனிகள் சுஸ்லான், வெஸ்டாஸ் மாதிரி. அவர்கள் மாணவர்களை எடுப்பது தலைமை அலுவலக விதிப்படி, பதில் வரத் தாமதமாகும். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அதை மறந்துவிடலாம். பலரும் தட்டாத கதவு ஒன்று உண்டு: மில்காரர்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கிப்போட்ட பழைய 225, 250 கிலோவாட் காத்தாடிகளைப் பராமரிக்கும் சின்ன சர்வீஸ் கம்பெனிகள். ஓர் இன்சார்ஜ், சில டெக்னீஷியன்கள், ஒரு ஜீப் என்று ஓடுகிற இடங்கள். பெயர்ப்பலகை பளபளக்காது. ஆனால் இ.இ.இ. பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தில் பாதி அங்கேதான் கிடக்கிறது.

அந்தப் பழைய காத்தாடிகளில் இருப்பது இன்டக்‌ஷன் ஜெனரேட்டர். மோட்டார் மாதிரியே இருக்கும் அது, காந்தப்புலத்துக்கு லைனிலிருந்து ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல் லைனில் போய்வரும் மின்சக்தியை) இழுத்தாக வேண்டும். அதை ஈடுகட்டத்தான் அடியில் பேனலுக்குள் கெப்பாசிட்டர் பேங்க் (மின்சாரத்தைத் தேக்கி விடும் கெப்பாசிட்டர்களின் தொகுப்பு) வைத்திருக்கிறார்கள். சூட்டில் ஒன்றிரண்டு கெப்பாசிட்டர் செத்துப்போகும், அவற்றை லைனோடு சேர்க்கும் சுவிட்சான காண்டாக்டரின் முனை கருகும். காத்தாடி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால் யார் கண்ணிலும் படாது. மின்வாரியம் ரியாக்டிவ் யூனிட்டுக்குத் தனியாகக் காசு பிடிக்கும்போதுதான் ஓனர் போன் போடுவார்.

உங்கள் மகளின் புராஜெக்ட் இதுதான். ஒரு பத்து காத்தாடிகளின் மாத மீட்டர் ரீடிங்கை வாங்கட்டும். ஒவ்வொன்றிலும் ரியாக்டிவ் யூனிட்டை உற்பத்தி யூனிட்டால் வகுத்து எக்செல்லில் போடட்டும். எந்த நம்பர் காத்தாடியில் விகிதம் ஏறிக்கொண்டே போகிறதோ, அதில் டெக்னீஷியன் கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி கரன்ட் அளக்கும் கருவி) வைத்து மூன்று பேஸிலும் கெப்பாசிட்டர் கரன்ட்டை அளக்கும்போது பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளட்டும். மூன்றும் சமமாக இல்லாமல் எதிலாவது குறைந்தால் கெப்பாசிட்டரோ ஃபியூஸோ போயிருக்கலாம். மூன்றிலும் கரன்ட்டே இல்லையென்றால் காண்டாக்டரைப் பார்க்க வேண்டும். அளப்பது டெக்னீஷியன், எழுதுவது இவள். இந்த எல்லையை அவள் மீறக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

கூடவே ஒரு நோட்டு. காத்தாடி நின்ற நேரம், எரர் கோடு, காரணம், மாற்றிய பாகம், மறுபடி ஓடிய நேரம். 250 கிலோவாட் காத்தாடி நல்ல காற்றில் 6 மணி நேரம் நின்றால் 1,500 யூனிட் போச்சு. எந்தக் கோளாறு எத்தனை யூனிட்டைத் தின்றது என்று நாலு வாரக் கணக்கை ஒரே பக்கத்தில் வைத்தால் நேர்காணலில் பேச அவளுக்குச் சொந்தச் சரக்கு இருக்கும்.

இதில் ஏமாற்றம் வரும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன். அப்போது ஓனர் காத்தாடியை நிறுத்த விடமாட்டார். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவது, போல்ட் முறுக்கம் பார்ப்பது எல்லாம் சீசன் முடிந்த பிறகுதான். அதனால் கோடையில் போகிறவள் "மேலே ஏற்றிக் காட்டுவார்கள்" என்று எண்ணிப் போக வேண்டாம். உயரப் பயிற்சியும் மருத்துவத் தகுதியும் இல்லாமல் ஏறச் சொன்னால் அன்றைக்கே திரும்பி வந்துவிட வேண்டும். இன்னொன்று, வேலை இன்னதென்று கேட்காமல் போகிற பிள்ளை ஆபீஸில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும். மேலே சொன்ன புராஜெக்டை நாலு வரியில் எழுதி விண்ணப்பத்தோடு கொடுக்கச் சொல்வது அதற்காகத்தான்.

பிப்ரவரியிலேயே நேரில் போய்க் கேளுங்கள், மெயிலை நம்பி உட்கார வேண்டாம். கையில் துறைத்தலைவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், போனஃபைட் (இந்தக் கல்லூரியில் படிக்கிறாள் என்ற சான்று), ஒரு பக்க பயோடேட்டா. முதல் தடவை நீங்களோ அவள் அப்பாவோ கூடப் போங்கள், தப்பில்லை. மெயின் ரோட்டிலிருந்து சைட்டுக்கு யார் வண்டியில் கூட்டிப்போவார்கள், ஆபீஸில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சரியான பதில் வராத இடத்தை விட்டுவிட்டு அடுத்த கம்பெனியைப் பாருங்கள். இரவு ஷிப்டு கூடவே கூடாது.

செலவு என்று பார்த்தால் பஸ் காசு, மதியச் சாப்பாடு, நல்ல சேஃப்டி ஷூ ஒரு ஜோடி. 18 வயது முடிந்து வங்கிக் கணக்கும் இருந்தால் வருஷம் 20 ரூபாயில் பிரதமர் சுரக்‌ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் அவளைச் சேர்த்துவிடுங்கள், 2 லட்சம் வரை உண்டு. உதவித்தொகை கிடைத்தால் சந்தோஷம், எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

சித்தப்பா மறுபடி போன் செய்தால் மகளையே பேசச் சொல்லுங்கள். சேர்வதற்கு முன்பே இந்த இடத்தை கிரெடிட்டுக்கு (படிப்புக் கணக்கில் சேரும் புள்ளிக்கு) ஏற்பார்களா என்று கல்லூரியில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். முடித்த பிறகு கேட்டால் சில இடங்களில் தள்ளிவிடுவார்கள். சான்றிதழில் தொடங்கிய தேதி, முடித்த தேதி, மொத்த மணி நேரம், செய்த வேலை, இன்சார்ஜ் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று கடைசி நாளில் அங்கேயே நின்று சரிபார்த்து வாங்கட்டும்.