நிமிடத்துக்கு ஐம்பதா, எண்பதா?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை துகள் டிடெக்டரைக் கணினியில் கட்டிப் பார்ப்பது பற்றியவை. எல்லாரும் பயன்படுத்துவது ஜீயன்ட்4. 1998 டிசம்பரில் முதலில் வெளிவந்த, சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்ட இலவச மென்பொருள்.

இருபது செ.மீ. சதுரமும் 1 செ.மீ. தடிமனும் உள்ள இரண்டு பிளாஸ்டிக் சின்டிலேட்டர் (துகள் கடந்தால் ஒளிரும்) பலகைகளை 40 செ.மீ. இடைவெளியில் மேலும் கீழுமாக வைத்திருக்கிறோம். இரண்டிலும் ஒரே நேரத்தில் துடிப்பு வந்தால்தான் வானிலிருந்து வரும் மியூவான் துகள் என்று எண்ணுகிறோம். சிமுலேஷனில் நிமிடத்துக்கு 50, மேசையில் உள்ள நிஜக் கருவியில் 80. எது தப்பு? (பலகையின் ஒளியை மின்துடிப்பாக்கும் குழாயான பிஎம்டி ஒவ்வொன்றும் தனியாக நொடிக்குச் சுமார் 500 துடிப்பு தருகிறது, துடிப்பின் அகலம் 1 மைக்ரோ நொடி.)
*எம்.எஸ்ஸி. மாணவி, பாளையங்கோட்டை*

இரண்டுமே சரி. அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டதிலேயே விடை இருக்கிறது.

கடல்மட்டத்தில் கிடைமட்டப் பரப்பில் சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் விழும். உங்கள் பலகை 400 சதுர செ.மீ., ஆக நிமிடத்துக்கு 400; நொடிக்கு ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. பிஎம்டி சொல்வதோ 500. மீதி முழுக்க, ஒளியே இல்லாமல் குழாய் தானாகத் தரும் இருட்டுத் துடிப்பும் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் வரும் காமா கதிரும். இரண்டு குழாயின் துடிப்புகளும் தற்செயலாக ஒரே நேரத்தில் வந்து விழும் எண்ணிக்கை: துடிப்பு அகலம் × 2 × 500 × 500, அதாவது நொடிக்கு 0.5, நிமிடத்துக்கு 30. ஐம்பதும் முப்பதும் எண்பது. உங்கள் சிமுலேஷனில் குழாயே இல்லை. இருட்டுத் துடிப்பு அதில் எங்கிருந்து வரும்?

சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு பலகையின் துடிப்பை மட்டும் சில மைக்ரோ நொடி தாமதப்படுத்துங்கள். உண்மையான மியூவான் ஜோடி ஒன்றுகூடச் சேராது. அப்போதும் வருகிற எண்ணிக்கை முழுவதும் தற்செயல். அது 30 பக்கம் வந்தால் வழக்கு முடிந்தது. பிறகு துடிப்பு அகலத்தை 100 நானோ நொடியாக்கினால் 30 என்பது 3 ஆகும். மூன்றாவது பலகை கிடைத்தால் இன்னும் நல்லது. 1 மைக்ரோ நொடியிலேயே மூன்றும் இந்த வெற்றுத் துடிப்புகளால் மட்டும் தற்செயலாகச் சேர்வது மணிக்கு ஒன்றிரண்டுதான்.

ஆனால் அந்த ஐம்பதை எப்படி எடுத்தீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். மியூவான் செறிவு, செங்குத்திலிருந்து சாயும் கோணத்தின் கொசைன் வர்க்கமாகக் குறைகிறது. கிடைமட்டப் பலகையில் விழுவதைக் கணக்கிடும்போது இன்னொரு கொசைன் சேரும், ஏனென்றால் சாய்ந்து வரும் துகளுக்குப் பலகை குறுகித் தெரியும். ஆகவே 0 முதல் 1 வரை ஒரு ரேண்டம் எண் எடுத்து அதன் நான்காம் மூலத்தை கொசைனாக வைக்க வேண்டும். பலர் மூன்றாம் மூலம் எடுத்துவிடுகிறார்கள். அப்போது 50க்குப் பதில் 38, 39 வரும். படத்தில் வித்தியாசமே தெரியாது.

மியூவான்களை எவ்வளவு பெரிய பரப்பிலிருந்து எறிவது என்ற கவலையும் வேண்டாம். இரண்டு பலகையையும் கடப்பது மேல் பலகையைக் கடந்தே ஆக வேண்டும். மேல் பலகையின் மேற்பரப்பில் மட்டும் 24,000 எறிந்தால் அது ஒரு மணி நேரம். அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கீழ்ப் பலகையையும் தொடும்.

ஒரு செ.மீ. பலகையில் மியூவான் 2 எம்இவி (மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்) ஆற்றலை விட வேண்டும் என்று படித்தேன். எனக்கு 4 பக்கம் உச்சி வருகிறது. எத்தனை முறை ஓட்டினாலும் கடைசி இலக்கம்வரை ஒரே விடை. நிரலில் கோளாறா?
*தானே கற்கும் பொறியாளர், அம்பாசமுத்திரம்*

பலகை 2 செ.மீ. ஆகிவிட்டது. ஜீயன்ட்4இல் பெட்டி வடிவம் தரும் ஜி4பாக்ஸ் கேட்பது அரை நீளம், 1 செ.மீ. தடிமனுக்கு 0.5 கொடுக்க வேண்டும். இதில் விழாதவர் இல்லை. திருத்திய பிறகு உச்சி சரியாக 2இல் நிற்காமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, வலப்பக்கம் நீண்ட வாலோடு வரும். அது பிழையல்ல. 2 என்பது சராசரி. எப்போதாவது ஓர் எலெக்ட்ரானைப் பலமாகத் தட்டிவிடும் மோதல்கள் சராசரியை வலப்பக்கம் இழுக்கின்றன.

அலகை எழுத மறப்பது இன்னொரு வகை. ஆற்றலுக்கு வெறும் 4 என்று எழுதினால் 4 எம்இவி. உங்களுக்கு வேண்டியது 4 ஜிஇவி, அதைப் போல ஆயிரம் மடங்கு. நான்கு எம்இவி மியூவான் பலகைக்குள் ஒன்றரை மில்லிமீட்டர்கூடப் போகாது. நின்று, சிதைந்து, 53 எம்இவி வரை ஆற்றலுள்ள எலெக்ட்ரானை விடும். வரைபடத்தில் உச்சிக்குப் பதில் அகலமான மேடு தெரிந்தால் முதலில் அலகைப் பாருங்கள்.

ஒரே விடை வருவதற்குக் காரணம் விதை எண், அதாவது ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண். நீங்கள் மாற்றாதவரை ஜீயன்ட்4 ஒவ்வொரு முறையும் அதே விதையில்தான் தொடங்கும். பிழை தேடும்போது அது வரம்; பத்துக் கோப்புகளைச் சேர்த்துப் புள்ளிவிவரம் பெருக்கும்போது, ஒரே கோப்பைப் பத்து முறை எண்ணிய கதை. மேக்ரோவில் (கட்டளைக் கோப்பில்) ஓட்டத்துக்கு ஓட்டம் விதையை மாற்றி, எந்த விதை என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

பொருட்களை வைக்கும்போது ஓவர்லாப் சோதனையையும் ட்ரூ என்று வையுங்கள். இரண்டு பொருள் ஒன்றுக்குள் ஒன்று அரை மி.மீ. நுழைந்திருந்தாலும் நிரல் ஓடும், படம் அழகாக வரும், எண் மட்டும் பொய் சொல்லும்.

விண்டோஸ் லேப்டாப்பில், 8 ஜிபி ராமில் ஓடுமா?
*பள்ளி ஆசிரியர், நாங்குநேரி*

தாராளமாக. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 போட்டு அதில் உபுண்டு, அதில் காண்டா-ஃபோர்ஜ் என்ற மென்பொருள் கிடங்கு வழியாக ஜீயன்ட்4. மூலநிரலிலிருந்து கட்டத்தான் வேண்டும் என்றால் மேக் கட்டளையில் ஜே2க்கு (ஒரே நேரத்தில் இரண்டு வேலை) மேல் போகாதீர்கள்; ராம் தீர்ந்து பாதியில் நின்றுவிடும். டேட்டா கோப்புகளை இறக்கும் விருப்பத்தை ஆன் செய்யாமல் விட்டால் கட்டுமானம் முடிந்துவிடும், ஓட்டும்போதுதான் கோப்பு இல்லை என்று நிற்கும். முதலில் கூடவே வரும் பி1 எடுத்துக்காட்டை ஓட்டுங்கள். மியூவானுக்கு எஃப்டிஎஃப்பி_பெர்ட் இயற்பியல் பட்டியலே போதும்.

சின்டிலேட்டரில் ஒளித்துகள்களையும் சேர்த்தேன். ஆயிரம் மியூவானுக்கு ராத்திரி முழுக்க ஓடுகிறது. பிஎம்டிக்கு ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.
*ஆய்வு மாணவர், தென்காசி*

முதலில் வேகம். பிளாஸ்டிக் ஒரு எம்இவிக்குச் சுமார் 10,000 ஒளித்துகள் தரும். ஒரு மியூவானுக்கு 20,000. ஒவ்வொன்றும் பலகைச் சுவரில் பல முறை மோதித் திரும்புவதைக் கணினி தனித்தனியாகத் தொடர வேண்டும். பிஎம்டி எப்படியும் நாலில் ஒன்றைத்தான் எலெக்ட்ரானாக்கும். ஆகவே அந்த 25 சதவீதத்தை முதலிலேயே பெருக்கி, 2,500 மட்டும் பிறக்கச் செய்யுங்கள்; பிஎம்டியை 100 சதவீதம் என்று வையுங்கள். விடை மாறாது, வேலை நாலில் ஒரு பங்கு. இரண்டு இடத்திலும் 25ஐப் போட்டுவிடாதீர்கள்.

ஒன்றும் போய்ச் சேராததற்குக் காரணம் அநேகமாக ஒளிவிலகல் எண். சின்டிலேட்டருக்குக் கொடுத்திருப்பீர்கள், நடுவே உள்ள காற்று, பசை, பிஎம்டியின் கண்ணாடிக்குக் கொடுத்திருக்க மாட்டீர்கள். ஒளிவிலகல் எண் இல்லாத பொருளின் எல்லையைத் தொட்டதும் ஜீயன்ட்4 அந்த ஒளித்துகளைக் கொன்றுவிடும். பிழைச் செய்திகூட வராது.

கிருஷ்ணாபுரம் வழியாகக் காந்த நடுக்கோடு போகிறதாமே. அது சிமுலேஷனை மாற்றுமா?
*வாசகர், வசவப்பபுரம்*

கிருஷ்ணாபுரம் என்றால் நமக்குக் கோயில் சிற்பம்தான் நினைவுக்கு வரும். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அங்கே இருப்பதற்குக் காரணம், நீங்கள் சொல்வதுபோல், காந்த நடுக்கோடு அருகே செல்வதுதான். இங்கே பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கிறது. காற்றில் மோதி மியூவான்களைப் பிறப்பிப்பது விண்வெளிப் புரோட்டான்; மேலிருந்து நேராக வரும் புரோட்டான் அந்தப் புலத்தைக் குறுக்கே வெட்டித்தான் வர வேண்டும். ஏறத்தாழ 17 ஜிஇவிக்குக் கீழ் உள்ளவை திருப்பி அனுப்பப்படும். துருவப் பக்கத்தோடு ஒப்பிட்டால் தரையில் மியூவான் சுமார் பத்து சதவீதம் குறைவு. மேற்கிலிருந்து வருபவை கிழக்கைவிடச் சற்று அதிகம். வெறும் கொசைன் சூத்திரத்தில் இது கிடையாது.

சிஆர்ஒய் என்ற காஸ்மிக் கதிர் நிரலில் அட்சரேகை கொடுக்கும் இடம் உண்டு. எடுத்துக்காட்டுக் கோப்பில் வேறு ஊர் எண் இருக்கும். அதை அப்படியே ஓட்டிவிட்டு நம் மேசை எண்ணோடு சண்டை போட வேண்டாம்.

போடி நியூட்ரினோ டிடெக்டரைக் கட்டாமலே இத்தனை ஆய்வுக் கட்டுரைகள் எப்படி?
*வாசகர், திசையன்விளை*

சிமுலேஷன்தான். போடி மேற்கு மலையில் திட்டமிட்ட டிடெக்டரின் பெயர் ஐகால்: 50 கிலோடன் காந்தமேற்றிய இரும்பு, 5.6 செ.மீ. தகடுகள், இடையே துகள் கடந்த இடத்தைக் காட்டும் ஆர்பிசி என்ற வாயு டிடெக்டர்கள். ஒரு தகட்டில் மியூவான் 65 எம்இவி அளவுக்கு இழக்கும். 1 ஜிஇவி மியூவான் நேராக வந்தால் 14, 15 தகட்டில் நின்றுவிடும். தகடு தடித்தால் புள்ளிகள் குறைந்து ஆற்றல் அளவீடு மங்கும்; மெலிந்தால் ஆர்பிசிகளின் எண்ணிக்கையும் செலவும் ஏறும். எந்தத் தடிமனில் நிறுத்துவது என்பதை இரும்பை வெட்டிப் பார்த்தா முடிவு செய்ய முடியும்? மதுரையில் 85 டன் சிறு மாதிரி ஒன்று உண்டு. சிமுலேஷனை உரசிப் பார்க்க அது உதவுகிறது.

நீங்களே சின்னதாக ஓர் ஐகால் கட்டிப் பார்ப்பதானால் காந்தப்புலத்தில் கவனம். 1.5 என்று எழுதி டெஸ்லாவை விட்டால் ஜீயன்ட்4 அதை 1,500 டெஸ்லா என்று எடுத்துக்கொள்ளும். இரண்டரை மீட்டர் ஆரத்தில் மெல்ல வளைய வேண்டிய மியூவான், இரண்டரை மி.மீ. வட்டத்தில் முதல் தகட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.