சூடான ஃபோர்ஜிங் சிமுலேஷன்: உணர்திறன் பகுப்பாய்வு பற்றிய கேள்விகளும் பதில்களும்

சூடாக்கிய உலோகத் துண்டை (பில்லட்) அச்சுக்குள் (டை) நசுக்கி உருவாக்குவது சூடான ஃபோர்ஜிங். அதன் கணினி சிமுலேஷனில் ஓர் உள்ளீட்டைச் சற்று மாற்றினால் நசுக்கும் விசையும் (லோடு) டை நிரம்புவதும் எவ்வளவு மாறும் என்று கணக்கிடுவதே உணர்திறன் பகுப்பாய்வு. வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை.

ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து: உராய்வை 1% கூட்டினாலும் லோடு ஏறுகிறது, 1% குறைத்தாலும் ஏறுகிறது. சாஃப்ட்வேர் கோளாறா சார்?

இல்லைங்க, அது ரீமெஷிங் தரும் இரைச்சல். பில்லட் நசுங்க நசுங்க, அதைக் கணக்குக்காகச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலை (மெஷ்) கெட்டுப்போய், புரோகிராம் புது மெஷ் போடும். உள்ளீடு துளி மாறினாலும் ரீமெஷ் விழும் ஸ்டெப் நகர்ந்துவிடும். டையில் ஒரு நோடு (மெஷ் கோடுகள் சந்திக்கும் புள்ளி) முன்பின்னாக ஒட்டினாலே லோடு குதிக்கும்.

முதலில் இரைச்சலை அளந்துவிடுங்கள். மற்ற எதையும் தொடாமல் மெஷ் அளவை மட்டும் 2, 3% தள்ளி ஐந்தாறு முறை ஓட்டுங்கள். லோடு எவ்வளவு சிதறுகிறதோ அதுதான் இரைச்சல். உள்ளீட்டை மாற்றுவதால் வரும் வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால்தான் நம்பலாம். உராய்வுக் காரணி 0.30 என்றால் 0.303-க்குப் போகாமல் 0.27, 0.33 இரண்டிலும் ஓட்டி, வித்தியாசத்தை 0.06-ஆல் வகுங்கள்.

இன்னொரு சோதனையையும் விடாதீர்கள். வெப்பக் கணக்கை நிறுத்தி, பொருளை ரிஜிட்-விஸ்கோபிளாஸ்டிக் ஆக (மீள்தன்மையை விட்டுவிட்டு) வைத்து, பாய்வுத் தகைவை (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தேவையான தகைவு) எல்லா இடத்திலும் 5% கூட்டுங்கள். லோடும் 5% ஏறியே ஆக வேண்டும். ஏறவில்லையென்றால் மாடலில் தவறு இருக்கிறது. அதைத் திருத்தாமல் மேலே போகக் கூடாது.

காட்பாடி எம்.டெக். மாணவி: உராய்வு, வெப்பநிலை, பில்லட் எடை மூன்றையும் 1% மாற்றி ஒப்பிட்டால் போதுமா?

போதாதும்மா. 1150 டிகிரி செல்சியஸில் 1% என்பது 11.5 டிகிரி, அதையே கெல்வினில் எடுத்தால் 14 டிகிரி. அலகை மாற்றினாலே வரிசை மாறிவிடும். ஒவ்வொரு உணர்திறனையும் பட்டறையில் அந்த உள்ளீடு உண்மையில் ஆடும் அளவால் பெருக்கி, அதன் பிறகு ஒப்பிடுங்கள்.

விகாரவேக அடுக்கு (உருமாறும் வேகம் தகைவை எவ்வளவு பாதிக்கிறது என்பதன் அளவு) 0.15, கிளர்வு ஆற்றல் (வெப்பநிலையின் பாதிப்பைக் காட்டும் அளவு) மோலுக்கு 350 கிலோஜூல் என்று வைத்தால், 1150 டிகிரியில் 10 டிகிரி இறங்கும்போது பாய்வுத் தகைவு சுமார் 3% ஏறும். 50 மி.மீ. பில்லட் 1200 டிகிரியில் ஃபர்னஸை விட்டு வந்தால் கதிர்வீச்சில் மட்டும் சராசரியாக நொடிக்கு 3, 4 டிகிரி இழக்கும். மேற்பரப்பு இன்னும் வேகமாகக் குளிரும். ஆள் 8 நொடி தாமதித்தால் லோடு கிட்டத்தட்ட 9% ஏறும். எடையும் அப்படித்தான்: 50 மி.மீ. பாரில் விட்டம் அரை மி.மீ. கூடினால் எடை 2% கூடும். மெல்லிய ஃப்ளாஷில் (டை விளிம்பில் பிதுங்கும் மிகை உலோகம்) கடைசி மில்லிமீட்டரில் அந்த 2% லோடை எகிறவைக்கும். நீளத்தைப் பார்த்து வெட்டாமல் எடையைப் பார்த்து வெட்டச் சொல்வது இதனால்தான்.

வாலாஜா: நம்மூர் மே மாத வெயிலைக் கணக்கில் சேர்க்கணுமா?

கதிர்வீச்சுக்குத் தேவையில்லை. 1200 டிகிரி பில்லட் வெளிவிடுவதில், 40 டிகிரி சுற்றுப்புறம் திருப்பித் தருவது 0.2% அளவுதான். டை சூட்டைக் கவனியுங்கள். காலையில் 100 டிகிரியில் இருக்கும் டையும் மதியம் 250 டிகிரியில் இருக்கும் டையும் பில்லட் தோலை வேறு வேறு விதமாகக் குளிரவைக்கும்.

ஆற்காடு: உள்ளீடு 8. எத்தனை ரன் வேண்டும்?

ஒவ்வொன்றாக இருபுறமும் தள்ளினால் 17. உராய்வின் விளைவும் வெப்பப் பரிமாற்றக் கெழுவின் (பில்லட்டிலிருந்து டைக்கு வெப்பம் போகும் வேகத்தின் அளவு) விளைவும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதால் மோரிஸ் முறையை எடுப்பேன் (வேறு வேறு தொடக்கப் புள்ளியிலிருந்து உள்ளீடுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போகும் பாதைகள்): 10 பாதை, பாதைக்கு 9 ரன், மொத்தம் 90 ரன். அச்சுச் சமச்சீர் உருவம் (ஓர் அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பது) என்றால் இது கட்டுப்படியாகும். சோபோல் முறையை (விளைவின் மொத்தச் சிதறலில் ஒவ்வொரு உள்ளீட்டின் பங்கையும் பிரித்துக் காட்டுவது) நேரடியாக ஓட்டினால் ஆயிரக்கணக்கில் போகும். முக்கியமான மூன்று நான்கை மட்டும் வைத்து பதிலி மாடல் (சிமுலேஷனுக்குப் பதிலாக விரைவாக விடை தரும் தோராயச் சூத்திரம்) கட்டி அதன் மேல் ஓட்டுங்கள்.

குடியாத்தம்: எங்களிடம் பிரஸ் கிடையாது, ஹேமர்தான்.

அப்படியென்றால் உச்ச லோடை விளைவாக எடுக்காதீர்கள். ஹேமரில் அடிக்கு இவ்வளவு ஆற்றல் என்பதுதான் நிலையானது. ஐந்தாவது அடிக்குப் பின் டையில் நிரம்பாமல் நிற்கும் கன அளவை விளைவாக வையுங்கள். உள்ளீட்டுப் பட்டியலில் அடிகளுக்கு இடையிலான நேரத்தையும் சேருங்கள்.