உள்ளங்காலில் அழுத்தினால் வலிக்கிறது, கிட்னி பழுதா?

கேள்வி: எனக்கு வயது 54. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். தூக்கம் சரியில்லாததால் இரண்டு மாதமாக வாரம் ஒருமுறை ரிஃப்ளெக்சாலஜி, அதாவது பாதத்தின் புள்ளிகளை அழுத்தும் சிகிச்சை, செய்துகொள்கிறேன். மனசு லேசாகிறது, அன்றைக்குத் தூக்கமும் வருகிறது. போன வாரம் உள்ளங்கால் நடுவில் மரக்குச்சியால் அழுத்தியபோது உயிர் போகிற வலி. அது கிட்னி பாயின்ட், கிட்னியில் கோளாறு இருக்கிறது என்றார் சிகிச்சையாளர். இணையத்தில் பார்த்த வண்ண வரைபடத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. பயத்தில் இருக்கிறேன். கால்விரல்களில் எவ்வளவு அழுத்தினாலும் எனக்கு வலிப்பதில்லை. தலைப் பகுதி நன்றாக இருப்பதால் அப்படி என்றார். பாதத்தில் நெறுநெறுவென்று ஏதோ தட்டுப்படுகிறது, கழிவுப் படிகமாம். சிகிச்சை முடிந்ததும் நச்சு வெளியேற என்று இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார், சிறுநீர் அதிகம் போகிறது. கணையப் புள்ளியைத் தூண்டினால் சர்க்கரை மாத்திரையைக் குறைக்கலாமா? சில நாட்களாகப் பஞ்சு மேல் நடப்பது போல் இருப்பதால் மருந்துக் கடைக்காரர் கொடுத்த நரம்புச் சத்து மாத்திரை தினம் இரண்டு போடுகிறேன்.

பதில்: அந்த வலியை வைத்து உங்கள் கிட்னியைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்ல முடியாது. உள்ளங்கால் நடுவில் மரக்குச்சியின் முனையை வைத்து அமுக்கினால் யாருக்கும் வலிக்கும். வீட்டில் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற ஒருவரைப் படுக்கவைத்து அதே இடத்தில் அழுத்திப் பாருங்கள், அவரும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் பிளான்டர் ஃபேசியா என்ற தடித்த பட்டை அந்த இடத்தில் இழுத்துக் கட்டினாற்போல் நிற்கிறது. விரல்களை மடக்கும் தசைநாண்களும் அதற்கு மேலே அங்கேதான் ஓடுகின்றன. நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கும் தேய்ந்த செருப்பையே விடாமல் போடுகிறவர்களுக்கும் அந்த இடம் எப்போதும் கொஞ்சம் கன்றித்தான் இருக்கும்.

உள்ளங்காலின் உணர்வைச் சுமக்கும் நரம்புகள் உள் கணுக்காலுக்குப் பின்புறம் ஒன்றாகச் சேர்ந்து, கெண்டைக்கால், தொடை வழியாக ஏறி, கீழ்முதுகில் தண்டுவடத்தோடு இணைகின்றன. பாதத்திலிருந்து கிட்னிக்கோ கணையத்துக்கோ தனி ஒயர் இழுத்துவைக்கப்படவில்லை. நீங்கள் பார்த்த வண்ண வரைபடமும் ஆயிரமாண்டு ரகசியம் கிடையாது. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் உடம்பை நெடுக்காகப் பத்து மண்டலங்களாகப் பிரித்து 1917-ல் புத்தகம் போட்டார். 1930-களில் யூனிஸ் இங்ஹாம் என்ற பிசியோதெரபிஸ்ட் அதை உள்ளங்காலில் உறுப்பு உறுப்பாக வரைந்தார். இன்றைக்கு விற்கும் இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல புள்ளிகள் இடம் மாறியிருக்கும். நோயாளி யார், என்ன நோய் என்று தெரிவிக்காமல் காலை மட்டும் கொடுத்துச் சோதித்தபோது, ஒரு சிகிச்சையாளர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. இதை நம்பி ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சர்க்கரையால் கிட்னி கெட ஆரம்பிக்கும்போது எங்கேயும் வலிக்காது. அதனால்தான் வலிக்காகக் காத்திருக்காமல் வருடம் ஒருமுறை இரண்டு பரிசோதனை செய்கிறோம். ஒன்று, சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம், அதாவது சிறுநீரில் எவ்வளவு புரதம் ஒழுகுகிறது என்ற கணக்கு. ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. இன்னொன்று, ரத்தத்தில் கிரியேட்டினின், அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர், அதாவது கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகம். அது 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் கிட்னி நோய். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி இருந்த நாட்களில் அல்புமின் தற்காலிகமாக ஏறும். ஆகவே ஒரே ஒரு தடவை கூடி வந்தால் பதறாமல் மறுபடி பாருங்கள். கிட்னி விஷயம் இவ்வளவுதான். இந்த வருடம் செய்திருக்கிறீர்களா என்று பழைய ஃபைலைப் புரட்டுங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரிக்கு வருகிறேன். விரல்களில் எவ்வளவு அழுத்தினாலும் வலிப்பதில்லை. பஞ்சு மேல் நடப்பது போல் இருக்கிறது. ஒன்பது வருடச் சர்க்கரை. இந்த மூன்றும் ஒரே கடிதத்தில் வந்தால், வேறு விதமாக நிரூபணமாகும் வரை, கால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் கால்விரல் நுனி வரை போகிறவைதான். சர்க்கரை அவற்றின் கடைசி முனையிலிருந்து அரிக்கத் தொடங்கும். முதலில் விரல்கள், பிறகு பாதம், பிறகு கணுக்கால் என்று காலுறை மாட்டினாற்போல் மேலே ஏறும். எரிச்சலோ ஊசி குத்தலோ இருந்தால் ஜனங்கள் ஓடி வந்துவிடுகிறார்கள். சத்தமில்லாமல் மரத்துப்போகிறவர்கள்தான் புண் வந்த பிறகு வருகிறார்கள். உங்கள் சிகிச்சையாளர் அதையே ஆரோக்கியத்தின் அடையாளமாக்கிச் சொல்லியிருக்கிறார். இந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு.

வீட்டிலேயே இன்று ராத்திரி பார்த்துவிடலாம். கருவி எதுவும் வேண்டாம், கூட ஒருவர் இருந்தால் போதும். படுத்து, காலுறையைக் கழற்றி, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கால்விரல் நுனிகளை இந்த வரிசையில் தொடட்டும்: வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், கடைசியாக வலது நடுவிரல், இடது நடுவிரல். இறகு பட்டாற்போல், ஒன்றிரண்டு நொடி மட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது. அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் வேறு உணர்வு வேலைசெய்து சோதனை பொய்யாகிவிடும். தொட்டது தெரிந்ததும் வலது, இடது என்று நீங்கள் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் அதே விரலை மறுபடி தொட்டுப் பார்க்கக் கூடாது, தெரியவில்லை என்றே குறித்துக்கொள்ளுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்வு குறைந்திருக்கிறது. ஆறும் தெரிந்தாலும், பஞ்சு மேல் நடக்கிற உணர்வு இருப்பதால், இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் போங்கள்.

அவர் 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையை அது வளையும் வரை உள்ளங்காலில் அழுத்திப் பார்ப்பார். 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கைக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பிடித்துப் பார்ப்பார். பத்து நிமிட வேலை. கூடவே எச்.பி.ஏ.1.சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), வைட்டமின் பி12, தைராய்டு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பி12 முக்கியம்: மெட்ஃபார்மினை வருடக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு அது குறையும், குறைந்தால் அதுவே பாதத்தை மரக்கச் செய்யும். அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, தாமதித்தால் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம்.

நரம்புச் சத்து மாத்திரையை இன்றைக்கே நிறுத்தி, அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பைரிடாக்சின் என்று எழுதியிருப்பதுதான் பி6. ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை ஏறக்குறைய 1.5 மில்லிகிராம். சில மாத்திரைகளில் 50, 100 என்று இருக்கும், நீங்கள் தினம் இரண்டு போடுகிறீர்கள். அதிக அளவு பி6 மாதக்கணக்கில் உள்ளே போனால் அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும்; பாதம் மரத்து, நடை தடுமாறும். மரப்புக்கு மாத்திரை, மாத்திரையால் மரப்பு, அதற்கு இன்னொரு மாத்திரை! கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார் என்பது மருந்துச் சீட்டு ஆகாது. பி12 குறைவு என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் பி12-ஐ மட்டும் தகுந்த அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

மரக்குச்சி இனி உங்கள் பாதத்தைத் தொடக் கூடாது. உணர்வு குறைந்த கால் எச்சரிக்கை மணி அறுந்த வீடு. சாதாரண ஆள் வலிக்குது என்று சொல்லும் இடத்தில் நீங்கள் இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள் என்பீர்கள். காய்ப்பின் அடியில் ரத்தம் கட்டும், கொப்புளம் வரும், மேலே தோல் மூடியிருப்பதால் வெளியே தெரியாது. நாலு நாள் அதன் மேலேயே நடப்பீர்கள், பிறகு காலுறையில் ஈரம் பட்டபோதுதான் தெரியும். சிகிச்சைக்கு முன் காலை வெந்நீரில் ஊறவைப்பதும் இதே கதைதான். உங்கள் காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், 37 டிகிரியைத் தாண்டக் கூடாது. வெந்நீர்ப் பை, சூடு தரும் மசாஜ் மெஷின், ஆணிக்கால் பிளாஸ்திரி, காய்ப்பை பிளேடால் சீவுவது எதுவும் வேண்டாம். தினமும் படுக்கப் போகும் முன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள். செருப்பு, ஷூ எதுவானாலும் போடும் முன் கையை உள்ளே விட்டுத் துழாவிவிடுங்கள்.

பாதத்தில் திறந்த புண், நீலமாகவோ கறுப்பாகவோ மாறிய கொப்புளம், பரவிக்கொண்டே போகும் சிவப்பு, துர்நாற்றம், காயத்தோடு காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருக்கும், ஆனால் வீக்கத்துக்கு ஏற்ற வலி இருக்காது. சுளுக்கு என்று நீவிவிடுவார்கள், ஐஸ் வைப்பார்கள். மரத்துப்போன காலில் இது ஷார்கோ பாதமாக இருக்கலாம், அதாவது உள்ளே எலும்பும் மூட்டும் உடைந்துகொண்டிருக்கும் நிலை. எக்ஸ்ரே முதல் வாரங்களில் சாதாரணமாகவே வரக்கூடும். அந்தக் காலை ஊன்றக் கூடாது, நீவக் கூடாது, அன்றைக்கே காட்ட வேண்டும்.

ரிஃப்ளெக்சாலஜிக்குப் பிறகு தூக்கம் வருகிறது என்கிறீர்கள், நம்புகிறேன். முக்கால் மணி நேரம் போனை ஓரம் வைத்துச் சாய்ந்து படுத்து, ஒருவர் மெதுவாக, ஒரே தாளத்தில் காலைப் பிடித்துவிட்டால் இதயத் துடிப்பு தணியும், மூச்சு நிதானப்படும், இறுகிக் கிடந்த தோள் தளரும். பதற்றமும் களைப்பும் குறைந்ததாகப் பல சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் புள்ளி பார்த்து அழுத்தியதையும் சாதாரணமாகக் கால் பிடித்துவிட்டதையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் வித்தியாசம் தெரிவதில்லை. நோய் தீருமா என்று 18 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய 2009-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, எந்த நோய்க்கும் பலன் உறுதியாகவில்லை என்றுதான் முடித்தது. சுகம் நிஜம். வரைபடம் வேண்டாம்.

ஆகவே தோலில் வெடிப்போ புண்ணோ இல்லை, ரத்த ஓட்டம் சரி என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, வீட்டிலேயே ஒருவரைப் பிடித்துவிடச் சொல்லுங்கள். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, ஒரு காலுக்குப் பத்து நிமிடம். பிடிப்பவர் மோதிரத்தைக் கழற்றி நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். அரைத் தேக்கரண்டி எண்ணெய் போதும், விரலிடுக்கில் படவேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். முதலில் இரு உள்ளங்கையாலும் விரலிலிருந்து கணுக்கால் பக்கமாக நீவ வேண்டும். பிறகு கட்டைவிரலின் சதைப் பகுதியால் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி மெதுவாக, அடுத்தடுத்த கோடுகளாக. கடைசியில் ஒவ்வொரு விரலையும் லேசாகச் சுழற்றி விட்டால் ஆயிற்று. எவ்வளவு அழுத்தலாம் என்பதற்கு, பிடிப்பவர் தன் மூடிய கண்ணிமை மேல் விரலை வைத்தால் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கட்டும். அதைவிடச் சற்றுக் கூடலாம், அவ்வளவே. உங்களைக் கேட்டு அழுத்தத்தைக் கூட்டக் கூடாது, உங்கள் கால் பொய் சொல்லும். முடிந்ததும் எண்ணெயைத் துணியால் துடைத்த பிறகே எழுந்திருங்கள், வழுக்கி விழுவது நிறைய நடக்கிறது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் பிடிக்கவே கூடாது, ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

மற்றவை பயப்படும்படி இல்லை. நெறுநெறுவென்று தட்டுப்படுவது தோலடிக் கொழுப்பு முடிச்சுகளும் நார்களும். படிகத்தை விரலால் நசுக்கி வெளியேற்ற முடியாது. சிறுநீர் அதிகம் போவது, முக்கால் மணி நேரம் காலை நீட்டிப் படுத்ததாலும், பிறகு நச்சு வெளியேற என்று குடிக்கச் சொன்ன இரண்டு டம்ளர் தண்ணீராலும். ஆனால் படுக்காத நாட்களிலும் அப்படிப் போய், தாகமும் இருந்தால், சர்க்கரை ஏறியிருக்கலாம்.

கணையப் புள்ளியை நம்பி மாத்திரையைக் குறைக்கலாமா? கூடாது. அரை மாத்திரை கூட. உள்ளங்காலில் அழுத்தி இன்சுலின் சுரக்கவைக்க முடியாது. மாத்திரையைக் குறைப்பதை எச்.பி.ஏ.1.சி-யைப் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்வார்.

போகும்போது நரம்புச் சத்து மாத்திரை அட்டையையும் தினமும் போடும் செருப்பையும் கொண்டு போங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே எந்த இடத்தில் அழுத்தம் விழுகிறது என்று தெரிந்துவிடும். அறைக்குள் போய் உட்கார்ந்ததும், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், காலுறையைக் கழற்றிவிடுங்கள்.