ரூபாயின் பெறுமதி விழுந்தால் வர்த்தகப் பற்றாக்குறை, அதாவது ஏற்றுமதியை இறக்குமதி மிஞ்சும் தொகை, குறையும் என்கிறார்களே, உண்மையா?

குறையலாம். ஆனால் ஏற்றுமதி பெருகித்தான் குறையும் என்று நினைத்தால், எங்கட ஊர்த் தறிக்காரர் சிரிப்பார்கள்.

நான் இலங்கையின் கிழக்கில் உள்ள மருதமுனை. வீட்டில் இரண்டு கைத்தறி. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயைத் தாங்கிப் பிடிப்பதை விட்டது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. "இனி உங்கட சாரனுக்கு வெளிநாட்டில மவுசுதான்" என்றார் கொழும்பில் இருந்து வந்த உறவுக்காரர். வாப்பா நூல் கட்டைத் தூக்கிக் காட்டி, "இது எங்க இருந்து வருது மச்சான்?" என்று மட்டும் கேட்டார். நூல் இந்தியாவில் இருந்து. சாயமும் இறக்குமதிதான். விற்பனை கூடுமுன்னே செலவு கூடிவிட்டது.

நாட்டின் பெரிய ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் இதே கதைதான். துணியில் பெரும்பகுதி வெளியில் இருந்து வருகிறது. தேயிலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குப் போட்ட தடையில் அடிபட்டு 2022இல் விளைச்சலே விழுந்தது. சரக்கு இல்லாதவனுக்கு நாணய மாற்று வீதம் என்ன செய்யும்?

நாணயம் விழுந்தால் பற்றாக்குறை எப்போது குறையும் என்பதைச் சொல்வதற்குப் பொருளியலில் மார்ஷல்-லெர்னர் நிபந்தனை என்று பெயர். விலை மாறும்போது ஏற்றுமதிக்கான கேள்வியும் (வாங்குவோரின் தேவையும்) இறக்குமதிக்கான கேள்வியும் எவ்வளவு அசைகின்றன என்று பார்த்து, அந்த இரு நெகிழ்ச்சிகளின் கூட்டுத்தொகை 1ஐத் தாண்டினால்தான் வர்த்தக நிலுவை (ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் உள்ள வித்தியாசம்) தேறும். உடனே தாண்டாது. பழைய ஒப்பந்தங்கள் பழைய விலையிலேயே ஓடும், எண்ணெயும் மருந்தும் வாங்காமல் இருக்க முடியாது. அதனால் முதலில் நிலைமை மோசமாகி, பிறகுதான் மெல்ல ஏறும். அதைத்தான் ஜே வளைகோடு என்பார்கள்.

இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். 2021இல் பற்றாக்குறை சுமார் 8.1 பில்லியன் டொலர், 2022இல் சுமார் 5.2. ஏற்றுமதி 12.5இல் இருந்து 13.1 ஆனது, அவ்வளவுதான். இறக்குமதியோ 20.6இல் இருந்து 18.3க்கு இறங்கியது. அதிலும் எல்லாம் ரூபாயின் வேலை அல்ல. டொலரே கையில் இல்லை, 2020 முதல் வாகன இறக்குமதிக்குத் தடை, வேறு கட்டுப்பாடுகளும் இருந்தன. எங்கள் வீட்டில் பால்மா நின்று பிளேன்டீ ஆனதும் அந்தக் கணக்கில் ஒரு துளி.

பாசிக்குடாவுக்கு வரும் வெள்ளைக்காரரின் டொலரும், கட்டாரில் இருந்து தம்பி அனுப்பும் காசும் இந்த நிலுவையில் சேராது. அவை, பொருள் வர்த்தகத்தோடு சேவை வருமானமும் அனுப்பும் பணமும் சேரும் நாட்டின் நடைமுறைக் கணக்கில் வருபவை. கேட்டது வர்த்தகப் பற்றாக்குறை என்பதால் தொடவில்லை.