அணைக்கட்டின் மேல் ரைன் கன்னியர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ‘நீபெலுங்கனின் மோதிரம்’ என்ற நான்கு ஓபராக்களைப் பல ஆண்டுகளாக இசைத்தட்டில் கேட்டுவருகிறேன். அண்மையில், 1976இல் ஜெர்மனியில் வாக்னரின் ஓபராக்களுக்கென்றே நடக்கும் பைராய்த் விழாவுக்காகப் பாத்ரீஸ் ஷெரோ இயக்கிய மேடையாக்கத்தின் பதிவைப் பார்த்தேன். பொன்னைக் காக்கும் ரைன் கன்னியர் நீந்தும் ரைன் ஆறு ஓட வேண்டிய இடத்தில் ஒரு நீர்மின் அணை நிற்கிறது. கடவுளர் 19ஆம் நூற்றாண்டு முதலாளிகளைப்போல் உடுத்தி வருகிறார்கள். படைத்தவன் எழுதிவைத்ததை மாற்ற இயக்குநருக்கு என்ன உரிமை? அன்று அரங்கில் கூச்சலிட்டவர்களின் பக்கமே நிற்கிறேன்.

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

முதல் ஓபராவைத் தொடங்கிவைக்கும் முன்னிசை ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் ஈ-ஃபிளாட் மேஜர் என்ற ஒரே கார்டில், அதாவது சேர்ந்தொலிக்கும் ஒரே சுரக்கூட்டில், ஊற்றெடுத்துப் பெருகி, மனிதக் கை படாத ஓர் ஆற்றை நமக்குள் எழுப்பிவிடுகிறது. அதைக் கேட்ட காதோடு கான்கிரீட்டைப் பார்க்கையில் எதையோ பறிகொடுத்ததுபோல் இருக்கும்; முதன்முறை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் வாக்னர் எழுதிவைத்ததையே எடுத்துப் பாருங்கள். நான்காம் ஓபராவின் தொடக்கத்தில், விதியின் கயிற்றைத் திரிக்கும் மூன்று நார்ன்கள் பழைய கதை ஒன்றைச் சொல்கிறார்கள்: கடவுளரின் தலைவன் வோட்டான் உலகமரத்தின் கிளையை முறித்துத் தன் ஈட்டிக்குக் காம்பு செய்துகொண்டான், அந்தக் காயத்தால் மரம் பட்டுப்போயிற்று, அதன் நிழலில் இருந்த சுனையும் வற்றிப்போயிற்று. அதிகாரத்துக்காக இயற்கையை ஊனமாக்கியதில் ரைன் கன்னியரிடமிருந்து பொன்னைத் திருடிய குள்ளன் அல்பெரிக்குக்கு முன்னோடி அந்தத் தலைவனே. அப்படியென்றால் முன்னிசையில் நாம் கேட்பது ஏற்கெனவே இழந்துவிட்ட ஆறு. ஷெரோவும் அவருடைய மேடை வடிவமைப்பாளர் ரிஷார் பெதூசியும் அந்த இழப்பைத்தான் அணையாகக் கட்டி நிறுத்தினார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். 1877இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றின்மேல் சென்ற வாக்னர், அங்கே கவிந்திருந்த நீராவியையும் மூட்டத்தையும் கண்டு, உலகையே ஆள நினைத்த அல்பெரிக்கின் கனவு இங்கே நிறைவேறிவிட்டது என்று சொன்னதை அவர் மனைவி கோசிமா நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். 1849இல் டிரெஸ்டன் கிளர்ச்சியில் பங்கேற்று நாட்டைவிட்டே தப்பியோடிய மனிதரின் கற்பனைக்குத் தொழிற்சாலையும் முதலாளியும் அந்நியமானவை அல்ல.

கூச்சலிட்டவர்களை நான் இகழமாட்டேன். அந்த ஓபராத் தொடர் முதன்முதலில் முழுமையாக மேடையேறியதன் நூறாம் ஆண்டில், 31 வயது பிரெஞ்சு இயக்குநரிடமும் பியர் பூலெஸ் என்ற பிரெஞ்சு இசை நடத்துநரிடமும் அது ஒப்படைக்கப்பட்டபோது, சீழ்க்கையடித்தும் துண்டறிக்கை கொடுத்தும் எதிர்த்தவர்களில் பலர் அந்த இசையோடு வாழ்ந்தவர்கள். பறிபோகிறது என்ற அச்சம் அன்பிலிருந்துதான் பிறக்கிறது. பார்வையாளரின் எதிர்ப்பு நியாயமாக இருந்த இடங்களும் உண்டு. 2013இல் டியூசல்டார்ஃபில் வாக்னரின் ‘டான்ஹாய்சர்’ நாஜிகளின் நச்சுவாயு அறைகளோடு மேடையேறியது. பார்த்தவர்களில் சிலருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. காட்சியமைப்பைக் கைவிட்டு, எஞ்சிய நிகழ்ச்சிகளை வெறும் இசைக் கச்சேரியாக நடத்தினார்கள். அந்தப் படுகொலையைக் கேட்கும் ஒரு வரியையும் அந்த ஓபராவின் பாட்டிலோ இசையிலோ என்னால் காண முடியவில்லை. ஷெரோவின் அணைக்கோ பாட்டுக்குள்ளேயே வேர் இருக்கிறது.

ஷெரோவும் முதல் ஆண்டோடு நின்றுவிடவில்லை. அடுத்தடுத்த கோடைகளில் திரும்பி வந்து திருத்திக்கொண்டே இருந்தார். வோட்டானின் போர்மகளிரான வால்கிரிகள் கூடும் பாறையையே மறு ஆண்டில் வேறொன்றாக மாற்றினார். 1980இல் கடைசி நிகழ்ச்சி முடிந்தபோது, அதே அரங்கில் கைத்தட்டல் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நீடித்தது.

உங்களிடம் பதிவு இருக்கிறது அல்லவா, அதன் கடைசி நிமிடங்களை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். எல்லாம் எரிந்து முடிந்தபின், மேடையில் நிற்கும் எளிய மக்கள் கூட்டம் மெல்லத் திரும்பி நம்மைப் பார்க்கிறது. யாரும் பாடுவதில்லை, இசைக்குழு மட்டும் ஒலிக்கிறது. இசைத்தட்டில் நீங்கள் கேட்ட அதே இசை அங்கே உங்களுக்குக் குறைந்து ஒலிக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.