மூன்று ஆடுகள்

வணக்கம். பசிபிக் கடலில் உள்ள கலாபகோஸ் தீவுகளில் ஆமைகளைக் காப்பாற்றுவதற்காக ஹெலிகொப்டரில் இருந்து ஆடுகளைச் சுட்டதைச் சரியென்று எழுதியிருந்தீர்கள். வாசித்ததில் இருந்து மனம் சரியில்லை. ஆடு என்ன பிழை செய்தது? உயிரோடு பிடித்துக் கொண்டுபோயிருக்கலாமே? நாளைக்கு நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளையும் சுடச் சொல்வீர்களா?
சுகந்தி, வெள்ளவத்தை

அன்புள்ள சுகந்தி,

உங்கள் கடிதத்தைக் காலி வீதி பஸ்ஸில் இரண்டு தரம் வாசித்தேன். ஆடு ஒரு பிழையும் செய்யவில்லை. கலாபகோஸின் பின்டா தீவில் 1959இல் மீனவர்கள் விட்டுவந்தது மூன்றே ஆடுகள். இறைச்சி தேவைப்படும்போது பிடிக்கலாம் என்று. பதினைந்து வருடத்துக்குள் அவை பல்லாயிரமாகிவிட்டன.

இசபெலா தீவின் அல்செடோ எரிமலையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே மழை குறைந்த மாதங்களில் மூடுபனியின் ஈரத்தை மரங்கள்தான் இலைகளில் பிடித்துக் கீழே சொட்டவிடும். அந்தச் சொட்டு தேங்கிய குட்டைகளில் இராட்சத ஆமைகள் கிடக்கும். ஆடுகள் வந்தன. காடு போனது, சொட்டு நின்றது, குட்டை வற்றியது. அந்த ஆமைக்குப் போக வேறு இடம் உலகத்தில் இல்லை. ஆட்டுக்கு உலகமெல்லாம் இடம் உண்டு.

உயிரோடு பிடிக்க முடிந்த இடத்தில் பிடிக்கத்தான் வேண்டும். கரிபியனில் உள்ள ரெடொண்டா என்ற சின்னத் தீவில் 2017இல் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் இசபெலாவின் வடபகுதியும் சந்தியாகோ தீவும் பெரிய எரிமலைப் பாறை நிலங்கள். 1997இல் தொடங்கி 2006இல் முடிந்த திட்டத்தில் அங்கே அகற்றிய ஆடுகள் ஒரு இலட்சத்துக்கும் மேல்.

அரைகுறையாகச் சுட்டுவிட்டு விடுவதுதான் எனக்குப் பெரிய கொடுமையாகப் படுகிறது. பின்டாவில் 1971இல் தொடங்கினார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் சில ஆடுகள் மிஞ்சியிருந்து பெருகின, திரும்பவும் சுட்டார்கள். முழுதாக முடிந்தது 2003இல். எத்தனை குட்டிகள் பிறந்து பிறந்து செத்திருக்கும்!

ஒன்றை மட்டும் என்னாலும் இலகுவாகக் கடக்க முடியவில்லை. ஆடு தனியே இருக்காது. இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோப் பட்டியைக் கழுத்தில் பூட்டி ஒன்றை விட்டால் அது ஒளிந்திருக்கும் கூட்டத்தைத் தேடிப் போகும். பின்னால் துப்பாக்கி போகும். இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனின் பெயரால் யூதாஸ் ஆடு என்றே அதற்குப் பெயர். துணை தேடிய பிராணிக்கு அந்தப் பெயரை வைத்திருக்கக் கூடாது.

குதிரைகளுக்கு வருகிறேன். நெடுந்தீவு ஆளில்லாத் தீவு அல்ல, மனிதரும் மாடும் ஆடும் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர். அங்கே கோடையில் குடிக்கத் தண்ணீரில்லாமல் சாவதே குதிரைகள்தான். அவற்றுக்குத் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பச் சொல்லித்தான் நான் எழுதுவேன்.